புரியாத வரிக்குப் பத்து

ஒரு தங்கையின் விலை, பதினோரு அடி அகலமுள்ள துணிக்கடை.

ஆறு வருஷத்துக்கு முன்னால், வக்கீல் வீட்டுக் கூடத்தில் வைத்து அந்த வியாபாரம் முடிந்தது. கையெழுத்துப் போட்டதும் அப்பாவின் கடை அக்காவுக்கு வந்தது. தங்கை பேனாவை மூடி வைத்துவிட்டுப் போனாள். போனவள் போனவள்தான்.

பேரத்தில் மொத்த வியாபாரிகளையே மூக்கால் அழவைக்கிறவள் அக்கா. தெருவில் அவளுக்குப் பெயரே கறார் அக்கா. அந்த ஒரு பேரத்தில் மட்டும் அவள் நன்றாக ஏமாந்துவிட்டாள் என்பது எல்லாருக்கும் தெரியும். வாய்விட்டுச் சொல்லத்தான் ஆளில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு மாலை அதே கடையில் முதலீட்டுக் குழு கூடும். எட்டுப் பேர். ஆளுக்குக் கொஞ்சம் போட்டு, சேர்ந்த பணத்தில் கூடிப்பேசிப் பங்கு வாங்குவார்கள். துணி அளக்கும் மேஜையைச் சுற்றி உட்கார்ந்தால் அது மாநாடு. செயலாளர் வேலை, கணக்கு, அதட்டல் மூன்றையும் கறார் அக்காவே பார்த்துக்கொள்வாள்.

புதிதாகச் சேர்கிறவருக்கு ஒரு கையேடு தருவார்கள். முதல் கூட்டத்திலேயே அதைப் படித்து முடிக்க வேண்டும். புரியாத வரியை எழுதியவரிடமே வாய்திறந்து கேட்க வேண்டும். கேட்ட வரி ஒன்றுக்குப் பத்து ரூபாய் வீதம், எழுதியவர் கேட்டவர் கண்ணெதிரே குழுவின் உண்டியலில் போட வேண்டும்.

இப்படி ஒரு சட்டம் வந்ததற்குக் காரணம் மருந்துக்கடைக்காரர். சேர்ந்த புதிதில் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, இது பாத்திரச் சீட்டு என்று நினைத்து, வருஷக் கடைசியில் பையோடு வந்து, "குக்கர் எப்ப தருவீங்க?" என்று கேட்டவர் அவர்.

சட்டம் வந்த நாளிலிருந்து அக்கா கையைவிட்டு ஒரு பத்து பெயர்ந்ததில்லை. அவள் எழுதினால் பச்சைப்பிள்ளைக்கும் புரியும்.

இந்த மாதம் ஒரு விண்ணப்பம் வந்தது. குழுவில் இருந்த சலூன்காரர் அதைப் பட்டாசை நீட்டுவதுபோலத் தள்ளி நின்று நீட்டினார். அனுப்பியிருந்தவள் தங்கை.

லாபத்துக்காக வருகிறாளா, பழைய கணக்கைத் தீர்க்க வருகிறாளா? வந்து உட்கார்ந்து, யாரோ எவரோபோல எழுந்து போய்விடுவாளா? அக்கா விண்ணப்பத்தை இரண்டாக மடித்தாள், நாலாக மடித்தாள்.

"கையேட்ட புதுசா எழுதணும்" என்றாள்.

நாலு நாள் கழித்து அதைப் படித்துப் பார்த்த சலூன்காரருக்குத் தலை சுற்றியது.

"என்னக்கா இது? 'மேற்படியார் மேற்சொன்ன தொகையை மேற்கண்டவாறு'... மேலயே போய்ட்டிருக்கு, கீழ எப்ப இறங்கும்? பழசு கண்ணாடி மாதிரி இருந்துச்சே. இப்படி எழுதினா வரிக்கு வரி உங்களுக்குத்தான் தண்டம்."

"என் காசு. உங்களுக்கு எங்க வலிக்குது?"

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். மேஜை ஓரத்தில் ரப்பர் பேண்டு போட்டுத் தயாராக வைத்திருந்த புதுப் பத்துகளின் கட்டு கண்ணில் பட்டது. ஊர்த் தலைகளை எல்லாம் கத்தரிக்கிறவர், தன் பேச்சைக் கத்தரித்துக்கொண்டார்.

ஞாயிறு அன்று தங்கை வந்தாள். மேஜையின் அந்தக் கோடியில் உட்கார்ந்தாள். கையேட்டை விரித்தாள்.

முதல் பக்கம் புரண்டது. கேள்வி இல்லை. இரண்டாம் பக்கமும் அப்படியே.

அப்போதுதான் அக்காவுக்கு உறைத்தது. அப்பா காலத்தில் வரி அலுவலகத்துக் கடிதங்களை வேர்க்கடலை கொறிப்பதுபோலப் படித்து, அர்த்தம் சொன்னவள் இவள்தானே! இவளுக்குப் போய் மேற்படியும் மேற்கண்டவாறும் எம்மாத்திரம்?

குழுவிலிருந்த கணக்கு வாத்தியார் இருமினார். பக்கங்கள் மளமளவென்று புரண்டன. அக்கா மேஜைமேல் இருந்த கட்டின் ரப்பர் பேண்டைக் கழற்றினாள், மறுபடி போட்டாள்.

கடைசிப் பக்கம். கடைசி வரி. குழப்பி எழுத அக்கா மறந்துபோன ஒரே வரி: கூட்டம் முடிந்ததும் தேநீர் உண்டு.

தங்கையின் விரல் அங்கே நின்றது.

"செயலாளர் அம்மா, இந்த வரி எனக்குப் புரியல."

சலூன்காரர் மின்விசிறியை உற்றுப் பார்த்தார்.

"தேநீர் உண்டுன்னா... எனக்குமா?"

"உனக்கு இல்லாமயா? ரெண்டு ஸ்பூன் சர்க்கரை, தூக்கலா."

"சர்க்கரை வேணாம். சுகர் வந்து மூணு வருஷமாச்சு, அக்கா."

ஒரு பத்தை எடுத்த அக்காவின் கை உண்டியலுக்கு மேலே அப்படியே நின்றது. கொஞ்ச நேரம் கழித்துத்தான் அந்தப் பத்து உள்ளே விழுந்தது.

தங்கை மேஜைமேல் இருந்த கட்டைப் பார்த்தாள். அக்காவைப் பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துக்கொண்டு இந்தக் கோடிக்கு வந்து, கையேட்டை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள்.

"சரி, முதல்லேருந்து வருவோம். யாரு இந்த மேற்படியார்?"

அன்று குழு ஒரு பங்கும் வாங்கவில்லை. தேநீரை இரண்டு தடவை சூடுபண்ண வேண்டியிருந்தது. கட்டு தீர்ந்ததும் அக்கா இரண்டு கையையும் விரித்துக் காட்டினாள். கல்லா கைக்கெட்டும் தூரத்தில் நிறைந்து கிடந்தது. தங்கை உட்பட ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

தண்டம் கட்டுகிறவளே கணக்கு எழுதக் கூடாது என்று வாத்தியார் அன்றைய கணக்கை எழுதி உரக்க வாசித்தார்:

கேள்விகள் இருபத்துமூன்று. அபராதம் இருநூற்று முப்பது. செயலாளர் கட்டியது இருநூறு. பாக்கி முப்பது, கேட்டவர் கண்ணெதிரே, அடுத்த மாதம்.