படகு விற்பனைக்கு

முட்டிவலியால் ஆழ்கடலுக்குப் போக முடியாமல் போனதும், கருக்களாச்சேரி மீனவர் அருளானந்தம் தன் படகை விற்க முடிவு செய்தார். இங்கிலீஷில் எழுதினால் வெளியூர்க்காரர்களும் வாங்க வருவார்கள் என்று, இங்கிலீஷ் தெரிந்த மனைவி ஆக்சிலியாவைப் பலகை எழுதச் சொல்லிப் படகில் மாட்டினார்.

ஒரு மாதமாகியும் வாங்க யாரும் வரவில்லை. வந்தவர்கள் எல்லாம், "அண்ணே, ஒரு ரவுண்டு கூட்டிட்டுப் போறீங்களா?" என்றுதான் கேட்டார்கள். மறுக்க மனமில்லாமல் கரையோரமாகவே சுற்றிக் காட்டினார். ஞாயிற்றுக்கிழமைகளில் வரிசையே நின்றது.

அன்று சவாரிக்கு வந்த டீச்சர் நித்யஸ்ரீயிடம், "படகை வாங்கத்தான் ஆளில்ல மிஸ்" என்றார்.

"பலகையில அப்படி இல்லையே! விக்கிறதுக்கும் 'ஸேல்'தான், படகுல போறதுக்கும் 'ஸேல்'தான். சத்தம் ஒண்ணு, எழுத்து வேற: ஒண்ணு sale, இன்னொண்ணு sail. நீங்க சவாரின்னுல்ல போட்டிருக்கீங்க!"

அருளானந்தம் நேராக வீட்டுக்குப் போனார்.

"என்ன ஆக்சிலியா, எழுத்தை மாத்திப் போட்டு, சவாரிக்கு வந்த டீச்சர் முன்னாடி மானத்தை வாங்கிட்டியே!"

மீன் ஆய்ந்துகொண்டிருந்த ஆக்சிலியா நிமிரவே இல்லை.

"தெரிஞ்சுதான் மாத்துனேன். படகை விக்கணும்னு சொன்ன நாள்லேருந்து நீங்க சரியா சாப்பிடல, யார்கிட்டயும் பேசல. நேரா சொல்லியிருந்தா கேட்டிருப்பீங்களா?"

அருளானந்தம் கதவோரமாகவே நிற்க, ஆக்சிலியா மீன்சட்டியை ஒதுக்கிவைத்தாள்.

"டீச்சர் போயிட்டாங்களா?"

"இல்ல, படகுல உக்காந்திருக்காங்க."

"அவங்களை அங்க உக்கார வச்சிட்டு இங்க என்ன நிக்கிறீங்க? போங்க!"