கோப்பைக்குப் பக்கத்தில்

“ஏனுங்க, இந்த டம்ளரை அந்தக் கோப்பைக்குப் பக்கத்துல வெப்பீங்ளா?”

பெரியவர் கேட்டதும் மோகன்குமாருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

1996-ஆம் வருஷக் கண்காட்சி அது. கல்யாண மண்டபம் முழுக்கப் பழைய விளையாட்டுச் சாமான்கள். கயிறு போட்டுத் தைத்த தோல் பந்து, நரம்பு அறுந்த டென்னிஸ் மட்டை, மூடிப்போன மில்களின் ஹாக்கி மட்டைகள். இதற்காகவே ஊர் ஊராக அலைகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை கோவையில் கூடுவார்கள். தேடிப் பிடித்ததைப் பரப்பி வைத்துப் பெருமை பேசுவார்கள். மோகன்குமாரும் அதில் ஒருவன். அப்படிப்பட்ட இடத்தில் வந்து ஒரு நசுங்கின அலுமினிய டம்ளரை நீட்டினால்?

“பாத்திரக் கடை பஸ் ஸ்டாண்டுப் பக்கம் இருக்குதுங்க பெரியவரே” என்றான். சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள்.

பெரியவர் நகரவில்லை. பெயர் காளிச்சாமி. உடுமலைப்பேட்டைப் பக்கத்திலிருந்து நேற்றும் பஸ் ஏறி வந்திருந்தார். வாட்ச்மேன் வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டான். இன்று எப்படியோ உள்ளே வந்துவிட்டார்.

அவர் கண் நடு மேசையிலிருந்த வெள்ளிக் கோப்பையை விட்டு அசையவில்லை. ‘உடுமலை வட்டார சடுகுடுப் போட்டி, 1958’ என்று அதன் முன்னால் ஓர் அட்டை. மண்டபத்திலேயே அதற்குத்தான் மவுசு.

கோப்பைக்குச் சொந்தக்காரர் ஈஸ்வரமூர்த்தி. பெரியநாயக்கன்பாளையத்தில் பம்புசெட் கம்பெனி வைத்திருப்பவர். கண்காட்சியை நடத்துபவரும் அவர்தான். பழைய இரும்புக் கடையில் அந்தக் கோப்பையைப் பிடித்த கதையைக் காலையிலிருந்து வந்தவர் போனவர் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். சிரிப்புச் சத்தம் கேட்டு வந்தார்.

“என்னங்கய்யா, டம்ளர் விக்கறதுக்குங்களா?”

“இல்லீங்க. சும்மாவே வெச்சுக்குங்க. அந்தக் கோப்பைக்குப் பக்கத்துல இருந்தாப் போதுமுங்க.”

“டம்ளருக்கும் சடுகுடுக்கும் என்னங்கய்யா சம்பந்தம்?”

“அந்த ஆட்டத்துல கடைசியாப் பாடிப் போனவன் நாந்தானுங்க. மூணு பேரு கட்டிப் புடிச்சாங்க. அத்தனை பேரையும் இழுத்துட்டு வந்து கோட்டைத் தொட்டுப்போட்டேன்.”

சிரிப்பு நின்றுவிட்டது. கோப்பையைத் தேடி அலைந்த ஈஸ்வரமூர்த்தி, அதை ஜெயித்தவரைப் பற்றி ஒருநாளும் யோசித்ததில்லை.

“அப்பறமுங்க?”

“எங்காளுக என்னையத் தூக்கி வெச்சுக் கூத்தாடுனாங்க. டீக்கடை வாசல்ல கோப்பை நெறையாக் கலர் சோடா ஊத்தி, ஆளுக்கொரு வாய் குடிச்சாங்க. என்ற முறை வந்துது. கைய நீட்டுனேன்.”

பெரியவர் டம்ளரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“எங்க சனத்துக்குன்னு கடைக்கு வெளிய, கூரையில சொருகி வெச்சிருந்த டம்ளருங்க இது. எனக்கு மட்டும் இதுல ஊத்துனாங்க. அதுக்குச் சித்த முன்னாலதான் எல்லாத்து வேர்வையும் ஒண்ணாக் கெடந்துது. நான் குடிக்கலீங்க. கீழ கொட்டிப்போட்டு, டம்ளரோட ஊட்டுக்கு வந்துட்டேன். அதோட ஆட்டத்தையும் உட்டுட்டேன்.”

மோகன்குமார் தலையைக் குனிந்துகொண்டான்.

“நாளைக்கு நான் செத்துப்போனா இதைத் தூக்கிக் குப்பையில வீசிருவாங்க. கோப்பை மட்டும் மினுமினுன்னு இருக்கும். பாக்கறவங்க, ஆடுன அத்தனை பேரும் அதுலதான் குடிச்சாங்கன்னு நெனச்சுக்குவாங்க. அதுக்குத்தானுங்க வந்தேன்.”

ஈஸ்வரமூர்த்திக்குக் கண் கலங்கிவிட்டது. நடிப்பில்லை, நிஜமாகவே கலங்கியது. டம்ளரைத் தன் கையாலேயே வாங்கிக் கோப்பைக்குப் பக்கத்தில் வைத்தார். காளிச்சாமியைக் கட்டிப் பிடித்துக்கொண்டார். கண்காட்சிக்கு வந்திருந்த பத்திரிகைக்காரர் படம் எடுத்தார். அது சரியாக விழவில்லை என்றதும் இன்னொரு முறை கட்டிப் பிடித்தார்.

பிறகு மைக்கை வாங்கினார்.

“அதெல்லாம் அந்தக் காலமுங்க. எங்க பெரியவங்க பண்ணுன பாவம். இன்னிக்கு யாருங்க அதையெல்லாம் பாக்கறாங்க?”

மண்டபமே கை தட்டியது. காளிச்சாமிக்கு நாற்காலி போட்டார்கள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, ரொம்ப நேரம் கழித்து, லேசாகச் சிரித்தார். வந்த வேலை முடிந்துவிட்டது என்றுதான் பாவம் அவர் நினைத்தார்.

அந்த நேரம் பார்த்து ஈஸ்வரமூர்த்தியின் மனைவி கீதா, வீட்டிலிருந்து ஃபிளாஸ்கில் கொண்டுவந்த காப்பியை எவர்சில்வர் டம்ளர்களில் ஊற்றித் தட்டில் எடுத்துவந்தாள். பத்திரிகைக்காரர் எடுத்துக்கொண்டார். மோகன்குமார் எடுத்துக்கொண்டான். மிச்சமிருந்த டம்ளரோடு தட்டைக் காளிச்சாமியிடம் நீட்டினாள்.

காளிச்சாமி கையை நீட்டினார்.

“இரு கீதா.”

ஈஸ்வரமூர்த்தி முந்திக்கொண்டு அந்த டம்ளரை எடுத்தார். தண்ணீர் டிரம்முக்குப் பக்கத்தில், குடித்துவிட்டு எறிவதற்காக அடுக்கியிருந்த பிளாஸ்டிக் டம்ளர்களில் ஒன்றை உருவினார். காப்பியை அதில் மாற்றி ஊற்றி, சிரித்த முகத்தோடு நீட்டினார்.

“மெதுவாக் குடி, காளிச்சாமி. சூடா இருக்குது.”

மோகன்குமார் தன் டம்ளரையே பார்த்துக்கொண்டு குடித்தான்.

காளிச்சாமி குடிக்கவில்லை. எழுந்து நடு மேசைக்குப் போனார். காப்பியோடு அந்தப் பிளாஸ்டிக் டம்ளரை, அலுமினிய டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

“இதையும் வெச்சுக்குங்க” என்றார். “அட்டையில வருசம் மட்டும் தொண்ணூத்தாறுன்னு எழுதிப் போடுங்க.”