எட்டாவது எச்சரிக்கை

2004-இல் திருப்பூர் கம்பெனி ஒன்றின் கம்ப்யூட்டர் எம்ப்ராய்டரி மெஷினுக்கான புரோகிராம் கையேட்டை அன்புசெல்விதான் தமிழில் பெயர்த்தாள். புரியாத வரியை விடாமல் கேட்டு எழுத வேண்டும் என்பது கம்பெனி அவளுக்குத் தந்த முதல் விதி. எட்டாவது எச்சரிக்கை புரியவில்லை. கேட்டால் மானம் போகும் என்று விட்டுவிட்டாள். ஏழுதான் அச்சாயின.

மூன்றாம் மாதம் ஆபரேட்டர் ராமுத்தாயின் விரலில் ஊசி இறங்கியது.

அன்புசெல்வி கம்பெனிக்கு ஓடினாள். “எம்மேலதானுங்க தப்பு. புரோகிராம் நின்னாலும் ஊசி ஒருக்கா இறங்கும்னு இருந்துச்சுங்க. அது இப்பத்தான் எனக்குப் புரிஞ்சுதுங்க. நான் எழுதாம உட்டுட்டேனுங்க.”

ராமுத்தாய் கட்டுப்போட்ட கையால் மெஷின்மேல் இருந்த கையேட்டுப் புத்தகத்தைத் திறந்தாள். “எழுதியிருக்கியளே! நாந்தான் படிக்கல.”

எட்டாவதாக அந்த வரி இருந்தது. அன்புசெல்வியின் நடையிலேயே இருந்தது. சூப்பர்வைசர் மற்ற மெஷின்களின் புத்தகங்களையும் புரட்டினார். எல்லாவற்றிலும் எட்டு.

“உங்க மேல தப்பில்லீங்க” என்றவர் ராமுத்தாயிடம் திரும்பி, “படிச்சிருக்கோணுமல்ல?” என்று அதட்டினார். அவள் தலைகுனிந்தாள்.

அன்புசெல்வி பையிலிருந்து அதே அச்சில் வந்த தன் பிரதியை எடுத்துப் பார்த்தாள். அதில் ஏழுதான் இருந்தன.

“அதென்னங்க கையில?” என்றார் சூப்பர்வைசர்.

“ஒண்ணுமில்லீங்க” என்று அதை மறுபடி பைக்குள் வைத்துக்கொண்டாள்.