கரும்பு லாரியில் வந்த துக்கம்

கிட்டே வாருங்கள் கண்ணுகளே, காலை நீட்டிக்கொண்டே கேளுங்கள். ஒரு சாவுக்கு அழப்போனவர்களின் கதை சொல்கிறேன், சின்னதுதான்.

ஒங்கோரோவின் மொட்டைத் தலை மாமரத்தைத் தாண்டித் தெரிந்ததுமே, அவன் அக்கா அகேயோ கையிலிருந்த கருவாட்டு முறத்தைக் கீழே போட்டாள். "அபோண்டி, எங்களை விட்டுட்டுப் போயிட்டியே" என்று அவள் வைத்த ஓலம் ஏரிக்கரை வரை கேட்டது. சுருட்டை முடிக்குப் பேர்போன ஒருவன் திடீரென்று மழித்துக்கொண்டு வந்தால் அந்த ஊரில் ஒரே அர்த்தம்தான். வீட்டில் சாவு.

"அக்கா, அவ சாகல" என்றான் ஒங்கோரோ.

"ஆமாடா தம்பி. நம்ம மனசுல அவ என்னைக்கும் சாக மாட்டா." அகேயோ அவன் முகத்தை இழுத்துத் தோளில் புதைத்துக்கொண்டாள். அதற்கு மேல் அவன் சொன்னதெல்லாம் அவள் துணிக்குள்ளேயே போய்விட்டது.

அவன் வந்தது ரத்தம் கேட்டு. கிசுமு டவுன் ஆஸ்பத்திரியில் கிடக்கும் அவன் மனைவி அபோண்டிக்குக் கர்ப்பப்பையில் தொடங்கிய புற்று ஈரலுக்கும் ஏறிவிட்டது. உடம்பில் ரத்தம் வற்றிப்போயிருந்தது. சொந்தக்காரர்கள் வந்து ரத்தம் கொடுத்தால்தான் அடுத்த மருந்தை ஏற்ற முடியும் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

முன்பும் வந்து கேட்டிருக்கிறான். ஒருவருக்குத் தலைசுற்றல், இன்னொருவருக்குக் கரும்பு வெட்டு. "எனக்கே ரத்தம் பத்தலடா" என்று போன மாதம் சொன்னவள் இதே அகேயோதான்.

மொட்டை அன்று காலையில் போட்டது. மருந்தில் அபோண்டியின் முடி மொத்தமும் கொட்டியிருந்தது. "நான் மட்டும் ஏன் இப்படி இருக்கணும், மில்லி அப்பா? நீங்களும் துணைக்கு வாங்க" என்று பிளேடு பிடித்து அவளே மழித்துவிட்டாள். கிளம்பும்போது அவன் தொப்பியைத் தேடினான், கிடைக்கவில்லை. "பஸ் போயிடும், வெறுந்தலையோடவே போங்க" என்று விரட்டினாள்.

பெரியப்பா ஒபுரா மட்டும் அந்தத் தலையைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "பொதைச்ச பிறகுதானே மழிக்கிறது? பொணமே இன்னும் ஊருக்கு வரல, அதுக்குள்ள மொட்டையா?"

"டவுன்ல போய் இருந்தான்ல, எல்லாம் தலைகீழ்தான்" என்றார் தலைசுற்றல்காரர். பேச்சு அதோடு முடிந்தது.

செத்தவளை அழைத்துவர ஆள் போகாவிட்டால் ஊர் மானம் என்னாவது? கரும்பு ஏற்ற வந்த லாரியை மறித்து, ஆணும் பெண்ணும் சாவுக்குப் போகிற வழக்கப்படி பச்சைக் கிளைகளை ஒடித்துக்கொண்டு ஏறினார்கள். தலைசுற்றல்காரர் டயரில் கால் வைத்துத் தாவினார்.

ஒங்கோரோ டிரைவரிடமும் சொல்லிப் பார்த்தான். "அவ உயிரோடதான் இருக்காய்யா."

"பாவம், புத்தி பேதலிச்சுப் போச்சு" என்று டிரைவர் வேகத்தைக் கூட்டினான்.

வழியெல்லாம், ஆஸ்பத்திரி வாசல் வரை, அகேயோ பாடி அழுதாள். "கேட்டிருந்தா என் ரத்தத்தையே குடுத்திருப்பேனே, அபோண்டி."

சாவு என்ற சொல்லே மனைவி பக்கம் வராமல் காத்து வந்தவன் ஒங்கோரோ. தன் ஒப்பாரியைத் தன் காதாலேயே கேட்டால் அவள் தாங்குவாளா? அவள் முகத்தில் எப்படி விழிப்பது?

கூட்டம் ஓலமிட்டபடி வார்டுக்குள் நுழைந்தது. நுழைந்த இடத்திலேயே நின்றது.

அபோண்டி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்தில் ரத்தம் எடுக்கும் நர்ஸ், உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டு நின்றாள். ஒபுரா பச்சைக் கிளையை முதுகுக்குப் பின்னால் ஒளித்தார்.

"வாங்க மதினி" என்றாள் அபோண்டி. குரல் மெலிந்திருந்தது, ஆனால் தெளிவாக இருந்தது. "ரத்தத்தையே குடுத்திருப்பேன்னு பாடிக்கிட்டே வந்தீங்களே, கேட்டுச்சு. இந்த அம்மாகூடப் போங்க. மத்தவங்க பின்னாலயே வரிசையா நில்லுங்க."

அகேயோ கண்ணைத் துடைத்தாள். பிறகு சட்டைக் கையைச் சுருட்டினாள்.

ஒங்கோரோ கட்டிலருகே குனிந்தான். "சத்தியமா நான் எதுவும் சொல்லல, அபோண்டி. இந்த மொட்டையைப் பார்த்துட்டு அவங்களாவே..."

அவள் தலையணைக்கு அடியில் கையை விட்டாள். அவனுடைய தொப்பியை எடுத்து, அந்த வழவழத் தலையில் மாட்டிவிட்டாள்.

"இனிமே போட்டுக்கோங்க, மில்லி அப்பா."

உங்கள் வீட்டுக்கு வர வேண்டியவர்கள், கண்ணுகளே, உயிர் இருக்கும்போதே லாரி நிறைய வந்து சேரட்டும்.