எழுந்து நிற்கும் இடம்

நான்கு ஸ்டூல்களையும் முதுகோடு முதுகாகப் போட்டிருப்பதைப் பார்த்ததும் லோர்கன் மேடைப் படியிலேயே நின்றுவிட்டான்.

மணிலா, ஜகார்த்தா, துபாய், மான்செஸ்டர் என்று இந்தக் கச்சேரிச் சுற்றுப்பயணம் முழுக்க ஸ்டூல்கள் ஒரே வரிசையில்தான் இருந்தன. பக்கத்து ஸ்டூலில் கூடப் பாடுகிற டெர்மட். அவன் குதிகால் எழும்புவதை ஓரக்கண்ணால் பார்த்துப் பார்த்தே லோர்கன் காலத்தை ஓட்டிவிட்டான்.

கடைசி ஊர் டப்ளின். சொந்த ஊர். இங்கே அரங்கத்தின் நட்டநடுவே வட்ட மேடை போட்டிருந்தார்கள். சுற்றிலும் சனமாம், யாருக்கும் முதுகைக் காட்டக் கூடாதாம். நால்வரும் நாலு திசையைப் பார்த்து உட்கார வேண்டுமாம். என்ன மூளை!

"வரிசையாவே போட்டுடலாமே, பெர்னி," என்று மேனேஜரம்மாவிடம் கேட்டும் பார்த்தான்.

"ஏன், டெர்மட் மூஞ்சியப் பாக்காட்டி உனக்குப் பாட்டு வராதா?" என்றுவிட்டுப் போய்விட்டாள் அவள்.

ஜகார்த்தாவில் ஒருநாள் காலையில் எழுந்தபோது அவனுக்கு வலது காது கேட்கவில்லை. அதன் பிறகு இடதும் தேய ஆரம்பித்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. மற்றவர்கள் சிரித்தால் சிரித்தான், எழுந்தால் எழுந்தான். துபாயில் ஒரு பெண் நிருபர் ஏதோ கேட்க, "ரொம்ப சந்தோஷமா இருக்கு" என்று பல்லைக் காட்டினான். அவள் கேட்டது அவனுடைய விவாகரத்தைப் பற்றி.

வெளியே தெரிந்தால் அன்றைக்கே வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பதினேழு வயதில் பாட வந்தவன், இப்போது நாற்பத்துநாலு. ஸ்டூலில் உட்காரவும் சுருதி ஏறும்போது எழுந்து நிற்கவும் தவிர அவனுக்கு வேறென்ன தெரியும்?

சிரிக்காதீர்கள். அயர்லாந்துப் பையன்களின் பாட்டுக்குழு என்றால் அதுதான் அடையாளம். சோகப் பாட்டை உட்கார்ந்துதான் பாட வேண்டும். கடைசிப் பல்லவியில் சுருதி ஒரு படி ஏறும். அந்த நொடியில் எல்லோரும் சேர்ந்து எழ வேண்டும். ஒருவன் முந்தினாலோ பிந்தினாலோ போச்சு. வேறு ஊர்க்காரன் மன்னித்துவிடுவான். டப்ளின்காரன் பேரன் பேத்தி எடுத்த பிறகும் சொல்லிச் சொல்லிச் சிரிப்பான்.

"என்னடா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற? உங்கம்மா முன்வரிசையில உக்காந்திருக்காங்க. தப்பா எழுந்தே, காதைத் திருகிருவாங்க!" டெர்மட் அவன் முதுகில் ஒன்று போட்டான். உதட்டைப் பார்த்துத்தான் லோர்கனுக்குப் புரிந்தது. சிரித்து வைத்தான்.

அம்மா பிப்ரவரி மாதமே அவனைக் கோயிலுக்கு இழுத்துப் போய், இரண்டு மெழுகுவத்திகளைச் சிலுவையாகக் கழுத்தில் வைத்து, தொண்டைக்கு உரிய புனிதரான பிளேசியாரின் ஆசீரை வாங்கித் தந்திருந்தாள். பாடுகிற பிள்ளைக்குத் தொண்டைதானே முக்கியம். மேடை ஏறும்போது லோர்கன் அவரைத்தான் வேண்டிக்கொண்டான். தொண்டைக்கு இருக்கிறவரிடம் போய்க் காதைக் கேட்டால் அந்த மனுஷர்தான் என்ன செய்வார், பாவம்.

ஆனால் செய்தார்.

ஸ்டூலில் உட்கார்ந்து நால்வருக்கும் பாட்டு கேட்பதற்காகக் காதில் மாட்டியிருந்த கருவியை அழுத்திவிட்டுக்கொண்டான். முதல் சரணம் வழக்கம்போலக் கிணற்றுக்குள்ளிருந்து வந்தது. நடுவே கரகரவென்று ஒரு சத்தம். அவ்வளவுதான், சட்டென்று எல்லாம் திறந்துகொண்டது. பியானோ, வயலின்கள், ஒவ்வொரு தந்தியும் தனித்தனியாக. டெர்மட்டின் குரல் இருபது வயதில் இருந்த மாதிரி அத்தனை இளசாக.

லோர்கனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஐயா பிளேசியாரே, உமக்கு ஒரு கட்டு மெழுகுவத்தி!

சனமும் கப்சிப்பென்று கேட்டுக்கொண்டிருந்தது. டப்ளின் சனமாவது, வாயை மூடுவதாவது! விளக்கு நேராகக் கண்ணில் அடித்ததால் ஒரு முகமும் தெரியவில்லை.

இருந்தாலும் பயம் விடவில்லை. வந்தது வந்தபடியே போய்விட்டால்? ஸ்டூலின் கால் வழியாக டிரம்மின் அதிர்வு தொடைக்கு ஏறியது. முழுகப் போகிறவன் கயிற்றைப் பிடிப்பதுபோல அதைப் பிடித்துக்கொண்டான். இப்போது இல்லை. இப்போது இல்லை. அவசரப்படாதே.

இதோ.

எழுந்தான். கையை விரித்து, ஏறிய சுருதியில், அடிவயிற்றிலிருந்து பாடினான். ஒரு இழை பிசகவில்லை. ஜகார்த்தாவிலிருந்து நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் அந்த ஒரு வரியில் இறங்கியது.

விளக்கு அவன் முகத்தைவிட்டு விலகி மேலே போனது. முன்வரிசையில் அம்மா தெரிந்தாள். எந்தக் கச்சேரியிலும் மேடையைவிடச் சத்தமாகப் பாடுகிறவள், வாயை இறுக மூடியிருந்தாள். அவனைப் பார்த்தபடியே நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டாள். அவளைச் சுற்றி இருந்தவர்கள், அவர்களுக்குப் பின்னால் இருந்தவர்கள் எல்லோரும் காலால் தரையைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். தியேட்டரில் படம் அறுந்துபோனால் தட்டுவார்களே, அப்படி.

லோர்கன் திரும்பினான்.

டிரம் வாசிப்பவர் குச்சிகளை மடியில் போட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டிருந்தார். பியானோவுக்கு முன்னால் ஆளே இல்லை. ஒலிபெருக்கிக்காரர்கள் வயர்களைத் தூக்கிக்கொண்டு அங்குமிங்கும் ஓடினார்கள். கூட்டாளிகள் மூவரும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்தார்கள், மைக்கை மடியில் வைத்துக்கொண்டு, அவனைத் திரும்பிப் பார்த்தபடி. ஒருவன் வாயும் அசையவில்லை.

டெர்மட் எழுந்து பக்கத்தில் வந்தான்.

"உனக்கு என்னடா கேக்குது?" என்றது அவன் உதடு.

லோர்கன் தன் காதைத் தொட்டுக் காட்டினான். டெர்மட் கையை நீட்டி அவன் இடது காதிலிருந்த கருவியை மெல்லக் கழற்றி எடுத்தான்.

பாட்டு நிற்கவில்லை.