வளைந்த சுண்டுவிரல்

எண்ணெய் ஓவியம் பழகுகிறவர்கள் பூ வரைவார்கள், இல்லையென்றால் பழம். தெக்லா எடுத்ததோ நரகத்தை. மாதா கோவிலில் தொங்கும் கடைசித் தீர்ப்புப் படத்தைப் போட்டோ எடுத்து, கட்டம் போட்டு, நாளுக்கொரு கட்டமாக நகலெடுத்தாள். தீயும் கொம்பும் பாம்பும் எப்படியோ வந்துவிட்டன. கைகள்தான் வராமல் அவள் தூக்கத்தைக் கெடுத்தன. ஒன்பது பேய்களும் ஆளுக்கொரு பாவியைத் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிக்கொண்டிருந்தன. கடைசியில், இடக்கையில் ஒரு துணியைக் கொத்தாகப் பற்றி, அதைப் பார்த்தே ஒன்பதையும் வரைந்து முடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மகள் ஜெனோவா வந்தாள். போட்டோவையும் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

“போட்டோவுல சுண்டுவிரலு நேராத்தானம்மா இருக்கு?”

தெக்லாவின் இடக்கைச் சுண்டுவிரல் பிறவியிலேயே உள்பக்கமாக வளைந்தது.

“கை மட்டும் வரல மக்ளே. என் கையப் பாத்துதான் வரஞ்சேன்.”

“தெரியுது” என்றாள் ஜெனோவா. அவள் கை தானாகப் பின்னந்தலைக்குப் போய் முடியைப் பொத்திக்கொண்டது. பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று, கொடுத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் கிளம்பிவிட்டாள்.

எண்ணெய்ச் சாயம் காய நாளாகும். தெக்லா அதே துணியை டர்பன்டைனில் முக்கி, முதல் பேயின் கையை அவசர அவசரமாகத் துடைத்தாள். விரல்கள் அழியவில்லை. துடைக்கத் துடைக்க முடியின் கறுப்போடு குழைந்து, பாவியின் முகத்தின் மேல் நீண்டுகொண்டே போயின.