பல்லி குறிச்ச தேதி

வெளிச்சுவத்துப் பழைய பூச்சுக்குப் பின்னாடி பல்லி ஒண்ணு முட்ட போட்டிருந்துச்சு. அன்னைக்குன்னு பார்த்து வீட்டுக்காரர் சிகாமணி மேஸ்திரியோட வந்தார். மேஸ்திரி சுவத்தத் தட்டினார். டொப்பு டொப்புன்னுச்சு.

"புடிப்பே இல்ல சார். நாளைக்கே மொத்தத்தையும் கொத்தி எடுத்துடலாம்."

"ஐயோ, என் புள்ளைங்க!"ன்னு பதறுச்சு பல்லி.

"இப்ப கத்தித் தொலைக்காதடி! நல்ல சகுனம்னு ஆரம்பிச்சிடுவாங்க"ன்னு அதட்டுச்சு பூச்சு.

பல்லி கப்சிப்.

"அடுத்த வாரம்?"னார் மேஸ்திரி. அதுக்கும் கப்சிப்.

"வைகாசில வச்சிக்கலாமா?"ன்னு இழுத்தார் சிகாமணி.

"ச்ச்ச்ச்ச்!"

"பல்லியே சொல்லிடுச்சுய்யா! வைகாசிதான்!"

வைகாசி வந்துச்சு. தாயும் பொரிஞ்ச ரெண்டு குட்டியும் ஜன்னல் மேல குடியேறியாச்சு. மேஸ்திரி உளிய வச்சார்.

"பூச்சு அத்தை பாவம்மா"ன்னுச்சுங்க குட்டிங்க.

அந்த நேரம் சிகாமணி தலையச் சொறிஞ்சார். "பேசாம ஆவணில..."

"ச்ச்ச்ச்!"ன்னுச்சு ரெண்டும் ஒண்ணா.

"அடி வாலுங்களா!"ன்னு பூச்சு குலுங்கிக் குலுங்கிச் சிரிச்சுச்சு. சிரிச்ச சிரிப்புல மொத்தமும் பொலபொலன்னு கீழ வந்துடுச்சு.

மேஸ்திரி உளியப் பையில போட்டார். "ஆவணி எதுக்கு சார்? வேல முடிஞ்சுது."